கயையில் எதை விட்டோம்?



தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழ்கின்ற நம் எல்லோருக்கும் பொதுவான ஓர் அச்சம் உண்டு. நள்ளிரவில் தொலைபேசி மணி ஒலித்தால், அதைக் கையில் எடுப்பதற்கு முன்னரே நம் நெஞ்சு ஊருக்குப் போய்விடுகிறது. அங்கே வயது முதிர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். நாம் இங்கே இருக்கிறோம். அந்த அச்சம் மெய்யாகிவிட்ட பின்னர் மனத்தில் எஞ்சி நிற்கும் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இப்பேச்சுக்குப் பௌத்த சமயத்தின் துணையை நாடியிருக்கிறோம். 'புத்' என்னும் வேர்ச்சொல்லுக்கு விழித்தல், அறிதல் என்பன பொருள். போதி, புத்தர் என்னும் சொற்கள் அதனின்றும் பிறந்தவை. எனவே புத்தர் என்றால் விழித்துக்கொண்டவர் என்று பொருள். நாங்கள் பௌத்தர்களும் அல்லோம். அந்நூல்களைக் கற்றுத் துறைபோகியவர்களும் அல்லோம். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்து நெடுநாளாகக் குடியிருக்கும் கணவனும் மனைவியுமே நாங்கள். எங்கள் வாழ்வில் நேர்ந்த ஒரு துயரம் எங்களை அச்சமயத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. அவ்வளவே எங்களுக்குள்ள தகுதி.

எங்கள் தாயார் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். எங்களுள் ஒருவருக்கு அவர் பெற்ற தாய், மற்றவருக்கு மாமியார். ஆயினும் இருவரும் அவரை அம்மா என்றே அழைத்தோம். 2017 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் அவருக்கு மூச்சுத்திணறல் கண்டது. உடனிருந்த தம்பி ஒரு குறையும் இன்றிக் கவனித்துக்கொண்டார். ஒருநாள் அம்மா தொலைபேசியில், "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்" என்றார். மகளின் கல்லூரிச் சேர்க்கை இருக்கிறது, அது முடிந்ததும் வருகிறோம் என்றோம். அது பொய்க்காரணம் அன்று. ஆனால் இரண்டு நாள் ஒதுக்க முடியாத அளவுக்குப் பெரிய காரணமும் அன்று. "அவசரமில்ல, நிதானமாவே வாங்க" என்று அம்மா சொன்னார்.

ஆனி மாதக் கடைசியில், ஓரிரவு 2 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. விமானத்தில் சென்னைக்கும் அங்கிருந்து காரில் ஊருக்குமாக விரைந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அம்மாவைக் கண்டோம். உயிரோடிருந்த அம்மாவைக் காணவில்லை. அன்று முதல், "அழைத்தபோதே போயிருந்தால்" என்னும் ஒரு நினைவு எங்கள் வீட்டில் மூன்றாம் ஆள் போலக் குடிபுகுந்தது. உணவு வேளையில் உடன் அமரும். உறங்கும் வேளையில் உடன் விழித்திருக்கும்.

ஓராண்டுக் கடன்கள் நிறைந்த பின்னர், 2018 மார்கழியில் நாங்கள் கயைக்குப் போனோம். கொல்கத்தாவிலிருந்து அது ஓரிரவுப் பயணமே. நாங்கள் சென்ற அந்நாளில் பல்குனி ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கையால் தோண்டினால் நீர் ஊறும். சீதாபிராட்டியின் சாபத்தால் அவ்வாறு மணலுக்கடியில் மறைந்து ஓடுகிறது என்பது மரபு. 2022 இல் விஷ்ணுபாதத்தின் அருகே ரப்பர் அணை அமைக்கப்பெற்ற பிறகு, அவ்விடத்தில் நீர் தேங்கி நிற்க வகை ஏற்பட்டிருக்கிறது.

கயையில் தாய்க்கென்றே தனியாகப் பதினாறு பிண்டங்கள் இடுவர். மாத்ரு ஷோடசி என்று அதனைக் கூறுவர். கருவுற்ற நாள் முதல் தாய் பட்ட பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிண்டம் வைக்க வேண்டும். வயிற்றில் சுமந்தது, பிரசவத்தில் வருந்தியது, பத்தியம் காத்தது, குழந்தையின் நோய்க்காக இரவெல்லாம் கண்விழித்தது என அப்பட்டியல் நீளும். தமிழறிந்த சாஸ்திரிகள் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவது, ஏழாவது பிண்டத்துக்கு மேல் எங்களால் கண்ணைத் துடைக்காமல் இருக்க முடியவில்லை.

பின்னர் அட்சய வடம் என்னும் ஆலமரத்தடிக்குப் போனோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு என்பதை நேயர்கள் பலரும் அறிவீர்கள். தமக்கு விருப்பமான ஒரு காயையும் ஒரு பழத்தையும் இனி உண்பதில்லை என்று விட்டுவிட வேண்டும். ஆசையை விடப் பழகுதலே அவ்வழக்கத்தின் கருத்து. ஆனால் நம்மவர் பலர் முன்னரே வீட்டில் ஆலோசித்து, பிடிக்காத காயாகப் பார்த்து விட்டுவிடுவதும் உண்டு. நாங்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. சுரைக்காயையும் சீத்தாப்பழத்தையும் விட்டோம். இரண்டும் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிகம்.

மரத்தடியிலிருந்து திரும்பும்போது எங்களுக்கே நாணமாக இருந்தது. சுரைக்காயை விட்டோம், சீத்தாப்பழத்தை விட்டோம். "அழைத்தபோதே போயிருந்தால்" என்பதை விட்டோமா? இல்லை. அது பதினாறு பிண்டங்களுக்குப் பிறகு இன்னும் கனத்துவிட்டது.

கயையிலிருந்து புத்தகயை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். வந்தது வந்தோம், அதையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனோம். மகாபோதிக் கோயிலின் மேற்குப் புறத்தில் போதிமரம் நிற்கிறது. அதனடியில் பல நாட்டவரும் அமைதியாக அமர்ந்திருந்தனர். நாங்களும் ஓரமாக அமர்ந்தோம். இன்று நாம் காணும் மரம் புத்தர் அமர்ந்த அதே மரம் அன்று. பழைய மரம் 1876 இல் காற்றில் வீழ்ந்தது. இப்போதுள்ளது அதன் வழித்தோன்றல் என்பர். மரமே மாறியிருக்கிறது, ஆயினும் நிழல் இருக்கிறது.

இங்கு வந்து அமர்வதற்கு முன்னர் சித்தார்த்தர் ஆறாண்டுக் காலம் தம் உடலை வருத்தினார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்தார் என்று பாலி நூல்கள் கூறுகின்றன. அத்தனை வருத்தியும் விழிப்பு வரவில்லை. அப்போது அவருக்குத் தம் இளமைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. தந்தையார் வயலில் ஏர்ப்பணியில் இருக்க, தாம் ஒரு நாவல் மர நிழலில் அமர்ந்து, ஒரு முயற்சியும் இன்றி மனம் அமைதியில் ஒன்றியிருந்ததை எண்ணிப் பார்த்தார். வழி அதுவாக இருக்கலாமோ என ஐயுற்றார். தம்மைத் தாமே தண்டித்துக்கொள்வதை விட்டார். உணவு கொண்டார். சுஜாதை என்னும் பெண் அளித்த பாற்சோற்றைப் பற்றிய கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதன் பிறகே அந்த இரவு வந்தது.

இக்கதையைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள்தாம் நாங்கள். ஆயினும் அன்று மரத்தடியில் அமர்ந்தபோதுதான் அதன் ஒரு பகுதி எங்களைத் தொட்டது. நாங்கள் ஒன்றரை ஆண்டுகளாகச் செய்துவந்ததும் ஒருவகைத் தவமே அன்றோ? நல்ல புடைவை எடுக்கும்போது, "நமக்கு இது ஒரு கேடா?" என்று நினைப்போம். சிரித்துவிட்டால் உடனே வாயை மூடிக்கொள்வோம். இப்படி வருந்துவது அம்மாவுக்குச் செய்யும் கடன் என்றே எண்ணியிருந்தோம். தம்மை வருத்திக்கொள்வதால் விழிப்பு வருவதில்லை என்பதைச் சித்தார்த்தரே ஆறாண்டு பட்டுத்தான் அறிந்தார்.

ஊர் திரும்பிய பின்னர் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தோம். அவற்றுள் ஒரு செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. மனத்தை மறைக்கும் திரைகள் ஐந்து என்று பௌத்தம் கணக்கிடுகிறது. புலனின்ப நாட்டம், சினம், சோம்பலும் மடியும், அலைபாய்தலும் கழிவிரக்கமும், ஐயம் என்பன அவை. நான்காவதில் உள்ள கழிவிரக்கத்தைப் பாலியில் குக்குச்சம் என்பர். செய்ததையும் செய்யத் தவறியதையும் எண்ணி எண்ணி மனம் தன்னைத் தானே கொறிப்பது அது. குற்றவுணர்வை ஒரு நற்குணமாக எண்ணியிருந்த எங்களுக்கு, அது காமத்தோடும் சினத்தோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தது அதிர்ச்சியாகவே இருந்தது.

அதற்குக் காட்டப்படும் உவமை எளியது. ஒரு பாத்திரத்து நீரில் முகம் பார்க்க விரும்புகிறோம். காற்று வீசி நீர் அலைந்துகொண்டே இருக்குமானால் முகம் தெரியாது. நீரில் அழுக்கு இல்லை. நீர் கெட்டுப்போகவும் இல்லை. அலைச்சல் ஒன்றே குறை. கழிவிரக்கம் மனத்தை அவ்வாறு அலைக்கிறது என்பது கருத்து.

அப்படியானால் தவறு செய்தவன் வருந்தவே வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். பழிக்கு நாணுதலையும் தீமைக்கு அஞ்சுதலையும் உலகைக் காக்கும் இரு குணங்கள் என்றே பௌத்தம் போற்றுகிறது. நாணம் இனி வரப்போகும் செயலைக் காவல் காக்கிறது. கழிவிரக்கமோ போன செயலையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஒன்று வாயிலில் நிற்கும் காவலன். மற்றொன்று பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பவன்.

நாளந்தாவில் ஒரு மாந்தோப்பில் தங்கியிருந்தபோது புத்தர் ஊர்த்தலைவன் ஒருவனுக்கு இதனை விளக்கியதாகப் பாலி நூல் கூறுகிறது. செய்த தவற்றுக்காக வருந்தலாம். ஆனால் வருந்துவதால் அது செய்யாததாக ஆகிவிடாது. ஆகவே தவறு தவறே என்று ஒப்புக்கொண்டு, இனி அதைச் செய்யாமல் விடுதல் வேண்டும். அதன்மேல் எல்லாத் திசைகளுக்கும் அன்பைப் பரப்புதல் வேண்டும். வலிமையுள்ளவன் ஊதும் சங்கின் ஒலி எளிதாக நாற்றிசையும் செல்வதுபோல அவ்வன்பு செல்லும் என்றார் அவர். ஒப்புக்கொள்ளுதல், விடுதல், அன்பு செலுத்துதல் என்னும் இந்த மூன்று படிகளில், நாங்கள் முதற்படியிலேயே ஒன்றரை ஆண்டு நின்றுவிட்டோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

இதைப் படித்தபின் அவ்விடங்களைக் காணும் ஆவல் மிகுந்தது. 2019 ஆம் ஆண்டு மார்கழியில் நாளந்தாவுக்கும் ராஜகிருகத்துக்கும் போனோம். இரண்டும் ஒன்றுக்கொன்று 15 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. பிற்காலத்தில் நாளந்தாவில் எழுந்த பெரிய பல்கலைக்கழகத்தின் செங்கல் அடித்தளங்களிடையே நடந்தபோது, காஞ்சியிலிருந்து வந்து அங்கே ஆசானாக விளங்கிய தருமபாலரை நினைத்துக்கொண்டோம். 6 ஆம் நூற்றாண்டிலேயே ஊரை விட்டு வடக்கே வந்து வாழ்ந்தவர் அவர். அவர் வீட்டிலும் ஒரு தாய் காத்திருந்திருப்பாள் அல்லவா?

மறுநாட் காலை ராஜகிருகத்தில் வைபார மலை ஏறினோம். அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள். மேலே சப்தபர்ணி என்னும் குகை. புத்தர் மறைந்த பின்னர் பிக்குகள் ஐந்நூற்றுவர் கூடிய முதற்பேரவை அங்கே நிகழ்ந்தது என்பது மரபு. அங்கே அமர்ந்து நாங்கள் நினைத்தது ஆனந்தரைப் பற்றி.

ஆனந்தர் புத்தருக்கு 25 ஆண்டுகள் அணுக்கத் தொண்டராக இருந்தவர். நீர் கொணர்ந்தார், துணி துவைத்தார், ஆசான் அருளிய உரைகளையெல்லாம் நினைவில் வைத்திருந்தார். ஆயினும் ஆசான் வாழ்ந்த காலத்தில் அவருக்கு முழு விழிப்புக் கிட்டவில்லை. குசிநகரில் புத்தர் இறுதிப் படுக்கையில் இருந்தபோது, ஆனந்தர் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நின்று அழுதார். தாம் இன்னும் கற்க வேண்டியவராகவே இருக்க, தம்மிடம் பரிவு காட்டிய ஆசான் போகிறாரே என்பதே அவர் அழுகை. புத்தர் அவரை அருகே அழைத்து, அவர் நெடுங்காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு செய்த தொண்டைப் பாராட்டித் தேற்றினார்.

ஆனந்தருக்கும் ஒரு "செய்திருந்தால்" உண்டு. தாம் விரும்பினால் மேலும் வாழக்கூடும் என்று புத்தர் குறிப்பாகச் சொல்லியும், இருந்தருள வேண்டும் என்று உரிய நேரத்தில் அவர் வேண்டிக்கொள்ளவில்லை. முதற்பேரவையில் மூத்த பிக்குகள் இதனை ஒரு குறையாகவே அவர்மேல் சுமத்தினர். நேயர்களே, அழைத்த குரலின் குறிப்பை உணராமற்போனது நாங்கள் மட்டும் அல்லோம் என்பதை அந்த மலையில் எண்ணிக்கொண்டோம்.

பேரவைக்கு முந்திய இரவு. விழிப்பு எய்தியவர் மட்டுமே கூடும் அவையில் தாம் மட்டும் குறையோடு புகுவது தகாது என்று ஆனந்தர் இரவெல்லாம் முயன்றார். விடியும் வேளை நெருங்கியது; விழிப்பு வரவில்லை. சற்றுச் சாய்வோம் என்று படுக்கையில் உடலைச் சாய்த்தார். கால்கள் தரையை விட்டு எழுந்துவிட்டன. தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் அவர் மனம் எல்லாப் பற்றினின்றும் விடுபட்டது என்று நூல்கள் கூறுகின்றன. 25 ஆண்டுத் தொண்டும் ஓரிரவு முயற்சியும் வீண் அல்ல. அவை இல்லாமல் அந்தக் கணம் இல்லை. ஆனால் இறுக்கிப் பிடித்த கை தளர்ந்தபோதே அது வந்தது. பேரவையில் அக்குறை பேசப்பட்டபோது அவர் துடிக்கவில்லை. அதனைத் தாம் குற்றமாகக் காணாவிடினும், மூத்தோர்பால் உள்ள மதிப்பினால் ஒப்புக்கொள்வதாக அமைதியாகக் கூறினார்.

தமிழர்க்கும் இது புதிதன்று. மணிமேகலையில், கோவலன் இறந்த செய்தி கேட்டும் தன் உயிர் போகவில்லையே என்று மாதவி நாணுகிறாள். தன்னைப் பின்தங்கிவிட்டவளாக எண்ணி வருந்துகிறாள். அத்துயரோடு அவள் அறவண அடிகளை அடைகிறாள். அவர் அவளுக்குத் துன்பம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்னும் நான்கு வாய்மைகளை உணர்த்துகிறார். நுகர்விலிருந்து வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும் பிறக்கும் என்பதை அக்காப்பியம் தூய தமிழ்ச் சொற்களால் விளக்குகிறது. உ. வே. சாமிநாதையர் 1898 இல் பதிப்பித்த அந்நூல் நம் வீடுகளில் இருக்கிறது. நாங்கள்தான் அதைக் கதைக்காக மட்டும் படித்துவிட்டு வைத்திருந்தோம்.

பற்று என்றால் பொருள்மேலும் மக்கள்மேலும் வைப்பது என்றே நினைத்திருந்தோம். நம் குற்றத்தின்மேலும் நாம் பற்று வைக்க முடியும் என்பதே நாங்கள் கண்டது. "அழைத்தபோதே போயிருந்தால்" என்று எண்ணும்போதெல்லாம் எங்கள் நினைவில் இருந்தவர் யார்? அம்மா அல்லர், நாங்கள். எங்கள் தவறு, எங்கள் வருத்தம், எங்கள் தண்டனை. அம்மா அக்கதையில் ஒரு சாட்சியாக ஓரத்தில் நின்றார். அவர் அரிசியை முறத்தில் புடைத்துக்கொண்டே முணுமுணுக்கும் பாட்டு, பேரக்குழந்தை தப்பாகத் தமிழ் பேசினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு, இவையெல்லாம் இரண்டரை ஆண்டுகளாக எங்கள் நினைவுக்கே வரவில்லை. நீர் அலைந்துகொண்டிருந்தது, முகம் தெரியவில்லை.

இதைச் சொல்வதனால் எங்களுக்கு ஞானம் கிட்டிவிட்டது என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். அந்த நினைவு இப்போதும் வருகிறது. வரும்போது, "வந்துவிட்டது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அழைத்தபோது போகவில்லை, அது தவறுதான் என்று ஒப்புக்கொள்கிறோம். பிறகு அதனோடு வாதிடுவதில்லை. அது தானே எழுந்து போகிறது. சில நாள் விரைவில் போகும். சில நாள் தங்கும்.

இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் எங்களால் இயன்ற அளவில் செய்து வருகிறோம். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, திருவையாற்றில் இருக்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. ஞாயிறுதோறும் அவரோடு பேசுகிறோம். அவர் காதில் சரியாக விழுவதில்லை. சொன்னதையே மூன்று முறை சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு பங்குனியில் அவர், "ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்" என்றார். அதே சொற்கள். அன்றிரவே பயணச்சீட்டு எடுத்தோம். நான்கு நாள் அவரோடு இருந்தோம். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவர் கீரை ஆய்ந்தார். நாங்கள் உடன் அமர்ந்து ஆய்ந்தோம். கீரை ஆய்ந்துகொண்டே அவர் முணுமுணுத்தது அம்மாவின் பாட்டு.

அம்மாவுக்குச் செய்யத் தவறியதை அதனால் ஈடுகட்டிவிட்டோம் என்று சொல்லவில்லை; அதை ஈடுகட்ட முடியாது. ஆனால் அந்த நான்கு நாளும் நாங்கள் விழித்திருந்தோம் என்று சொல்லலாம்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே, உங்களுள் சிலர் எங்களைப்போல் காலங்கடந்து போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கயைக்குச் செல்லும்போது சுரைக்காயோடு அந்த வருத்தத்தையும் அங்கேயே விட முயலுங்கள். உடனே விட முடியாது. முயல்வதில் பிழை இல்லை. வேறு சிலருக்கு ஊரில் இன்னும் காத்திருக்கும் ஒருவர் இருப்பார். "அவசரமில்ல, நிதானமாவே வாங்க" என்று அவர் சொன்னால், அதன் பொருளை நாங்கள் அறிவோம். இந்தப் பேச்சு முடிந்ததும் அவரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.